பாக்கெட்டில் ஏழு

எனக்கு எதையும் எண்ணிப் பார்க்கும் பழக்கம் உண்டு. கட்டட வேலையில் அளவெடுத்துக் கணக்கு எழுதுவதுதான் முப்பத்தெட்டு வருடமாக என் பிழைப்பு. இத்தனை கன மீட்டர் கான்கிரீட், இத்தனை டன் கம்பி, இத்தனை கதவு. அது உடம்பில் ஊறிவிட்டது. அஜ்மானில் என் ஃபிளாட் வாசலிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு நானூற்றுப் பன்னிரண்டு காலடி. காலை மாத்திரை மூன்று, இரவு இரண்டு. மார்பில் ஸ்டென்ட் இரண்டு. நான் சொல்லப்போகும் நாளில் சிகரெட்டை விட்டு எட்டு வருடம் ஏழு மாதம் ஆகியிருந்தது.

எங்கள் கம்பெனிக்கு ஒரு கிரிக்கெட் டீம் இருந்தது. கான்ட்ராக்ட் கம்பெனிகள் சேர்ந்து நடத்தும் போட்டி. டேப் சுற்றிய டென்னிஸ் பந்து, பதினாறு ஓவர், ஞாயிறு காலை. ஆடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சைட்டில் வேலை செய்கிறவர்கள். ஷார்ஜாவைத் தாண்டி, பாலைவனம் ஆரம்பிக்கிற இடத்தில் இருக்கும் தொழிலாளர் கேம்பிலிருந்து கம்பெனி வேனில் வருவார்கள். நான் அஜ்மானிலிருந்து டாக்ஸி பிடித்துப் போவேன். நான்தான் டீம் மேனேஜர், ஸ்கோர் எழுதுகிறவன், பதினோரு பேரைத் தேர்ந்தெடுக்கிறவனும் நானே. ஆடத் தெரியும் என்பதற்காக யாரும் எனக்கு அந்த வேலையைக் கொடுக்கவில்லை. நோட்டுப் போட்டு எழுதுவேன் என்பதற்காகக் கொடுத்தார்கள்.

அந்த வருடம் அந்தப் பதினோரு பேர் பட்டியலுக்கு வேறு ஓர் எடை வந்து சேர்ந்துவிட்டது. எங்கள் பெரிய கட்டடம் முடியும் நிலையில் இருந்தது. அடுத்த வேலை கையில் இல்லை. ஆட்களைக் குறைக்க வேண்டும் என்று ஆபீஸில் பேச்சு. எங்கள் ஜி.எம். கிரிக்கெட் பைத்தியம். ஒரு நாள் மீட்டிங்கில், "கப் அடிக்கிற டீமை நான் கலைக்க மாட்டேன். டீம்ல இருக்கிறவன் விசாவை ரெனியூ பண்ணிடுங்க. மத்தவங்களைப் பத்தி அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டார். விளையாட்டாகத்தான் சொன்னார் என்று நினைத்தேன். மறுநாளே ஆபீஸிலிருந்து ஒரு மெயில்: செமிஃபைனலில் ஆடும் பதினோரு பேரின் பெயர், ஐ.டி. நம்பர் அனுப்பவும், புதுப்பிப்பதற்காக.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பெயரையும் இரண்டு தடவை அடித்து மூன்றாவது தடவைதான் எழுதினேன்.

டீமின் முதல் பந்துவீச்சாளர் ஒரு ஷட்டரிங் கார்ப்பெண்டர், கான்கிரீட் ஊற்றப் பலகை அடைக்கிறவர். அறந்தாங்கிப் பக்கம். வயது முப்பத்தாறு. நேரில் பேசும்போது அவரை வாடா போடா என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். எழுதும்போது அப்படி வரவில்லை. குட்டையான ஆள். பலகை தூக்கித் தூக்கி வலது தோள் சற்று இறங்கியிருக்கும். அந்தத் தோளிலிருந்துதான் பந்து தரையை உரசிக்கொண்டு ஸ்டம்பின் அடிக்குப் போகும். அந்த சீசனில் ஒன்பது ஆட்டம், இருபத்திரண்டு விக்கெட். விசா மார்ச் கடைசியில் முடிகிறது. மகள் பிளஸ் டூ. "இன்னும் ரெண்டே ரெண்டு வருஷம் சார். அது நர்ஸிங் முடிச்சிடும்" என்பார். அந்த இரண்டு என்ற எண்ணை அவர் சொல்லி நான் பத்துத் தடவையாவது கேட்டிருக்கிறேன்.

அவருக்கு ஒரு நாளைக்குப் பத்து சிகரெட்.

கிரவுண்டில் புகைக்கத் தடை. முந்தைய கோடையில் யாரோ போட்ட சிகரெட் துண்டிலிருந்து தீப் பிடித்து, நிழல் வலையும் பிட்சில் விரிக்கும் பாயும் பாதி எரிந்துபோயின. அதிலிருந்து கிரவுண்ட்காரர்கள் கெடுபிடி செய்தார்கள். ஒவ்வொரு டீமின் மேனேஜரும் சீசன் ஆரம்பத்தில் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அதை நான் கேம்பில் எல்லோரையும் உட்கார வைத்து உரக்கப் படித்தேன். ஆட்டக்காரர் வேலிக்குள் புகைத்தால் முதல் தடவை எச்சரிக்கை, இரண்டாவது தடவை அந்த சீசன் முழுக்க அவருக்கு இடமில்லை. கையெழுத்துப் போட்ட மேனேஜர் புகைத்தால் அந்த ஆட்டமே எதிர் டீமுக்கு.

"சார் புகைச்சா சூரியன் மேற்கால உதிக்கும்ல" என்றார் கம்பி கட்டுகிற ஒருவர், ராமநாதபுரத்துக்காரர். பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, கம்பி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள்.

"அவரு அதையும் எத்தனை மணிக்குன்னு எழுதி வச்சிருவாரு" என்றார் ஷட்டரிங்காரர். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

ஜனவரி முதல் வாரத்தில் ஷட்டரிங்காரர் மாட்டிக்கொண்டார். இரண்டு இன்னிங்ஸுக்கு நடுவில் வேலி ஓரமாக நின்று நாலு இழுப்பு. வாட்ச்மேன் பார்த்துவிட்டார். எச்சரிக்கை எழுதிக் கொடுத்தார்கள். அன்று மாலை அவர் என் சைட் ஆபீஸுக்கு வந்தார். கையில் ஒரு பாக்கெட், அதோடு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய லைட்டர்.

"சார், இதை நீங்க வச்சுக்குங்க. காலைல வந்து கேக்குறேன், எண்ணிக் குடுங்க. என் கையில இருந்தா நிக்காது."

"நானா? எனக்கு எதுக்குடா இந்த வம்பு?"

"நீங்கதான சார் எண்ணுவீங்க."

மேஜை டிராயரில் வைத்தேன். நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கினேன். எட்டு, எட்டு, ஏழு, ஆறு. காலை ஆறரைக்கு ஹெல்மெட்டோடு வந்து நிற்பார், அன்றைக்கானதை எண்ணிக் கையில் போடுவேன். சில நாள் ஒன்று கூடக் கேட்டுப் பல்லைக் காட்டுவார். கொடுக்க மாட்டேன். ஒரு தடவை கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுப் போய், பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்து, "மன்னிச்சுக்குங்க சார், நான் பேசல, அது பேசுது" என்றார். பாக்கெட் தீரத் தீர அவரே புதியது வாங்கி வந்து பிரிக்காமல் கொடுத்தார். நாலு, மூன்று, இரண்டு, ஒன்று. பிறகு பூஜ்யம். அந்தக் கடைசிப் பாக்கெட்டில் ஏழு மிச்சம்.

"தூக்கிப் போட்டுடட்டுமா?" என்று கேட்டேன்.

பதறிவிட்டார். "வேணாம் சார். இருக்குன்னு தெரிஞ்சாத்தான் எனக்குப் பயமில்லாம இருக்கு. மேட்சுக்கும் எடுத்துட்டு வாங்க. நான் கேட்டாலும் குடுக்காதீங்க. ஆனா பையில இருக்கணும்."

பூஜ்யம் தொடர்ந்து ஒன்பது நாள் ஆயிற்று. அவர் முகமே மாறிவிட்டது. "மூக்கு திரும்பி வந்துருச்சு சார். அடுத்த பிளாக்குல என்ன குழம்புன்னு படியில ஏறும்போதே சொல்லிடுறேன். நேத்து பெங்காலி ஒருத்தன் லிஃப்ட்ல வந்தான். அவன் சிகரெட் குடிச்சு ஒரு மணி நேரமாச்சுன்னான். எனக்கு மூஞ்சில அடிக்குது." புது வாட்ச் வாங்கியவர் மணி சொல்வதுபோல் மூக்கைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

செமிஃபைனல் பிப்ரவரியில் ஒரு ஞாயிறு. நான் ஐந்தே முக்காலுக்குப் போய்விட்டேன். மூடுபனி. எதிர்ப் பக்கத்து சைட் ஸ்கிரீன் தெரியவில்லை. வாசலில் வாட்ச்மேன் ஆட்டக்காரர்களின் பைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். என் தலையில் இருந்த நரையைப் பார்த்துவிட்டு என் பையைத் திறக்கச் சொல்லவில்லை. ஸ்கோர் நோட்டு, மூன்று பென்சில், தண்ணீர், தைலம், மாத்திரை, பாக்கெட். எங்கள் கூடாரம் தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால். எதிர் டீமின் பஸ் இன்னும் வரவில்லை.

பட்டியலை முந்தின நாளே முடித்திருந்தேன். பதினோரு பேர், ஐ.டி. நம்பரோடு. கம்பிக்காரர் ஏழாவது இடத்தில். அவர் விசா ஏப்ரலில் முடிகிறது. ஆறு பத்துக்கு ஜி.எம். போன் செய்தார்.

"நம்ம அக்கவுன்டன்ட் இன்னிக்கு ஆடணும்னு ரொம்ப ஆசைப்படறார். சேத்துக்குங்க."

"சார், லிஸ்ட் முடிச்சிட்டேன். இவங்கள்ல யாரை…"

"யாரையாவது எடுங்க. நீங்கதான கணக்குல புலி."

அக்கவுன்டன்ட் அப்போதே கூடாரத்தில் புது ஷூவோடு உட்கார்ந்திருந்தார். மட்டையைத் தலைகீழாகப் பிடித்துக் கன்னத்தை அதில் சாய்த்திருந்தார். அவருக்கு விசாவைப் பற்றிக் கவலை இல்லை. நான் நோட்டைத் திறந்து சராசரிகளைப் பார்த்தேன். கம்பிக்காரரின் சராசரி பதினொன்று சொச்சம். அவருக்குக் கீழே யாரும் இல்லை. மூன்று தடவை போட்டுப் பார்த்தேன், மூன்று தடவையும் அவர்தான்.

அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். "இன்னிக்கு நீ வெளிய இருப்பா. மேலேர்ந்து சொல்லிட்டாங்க."

அவர் கீழே உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்தார். இறுக்கிக் கட்டியிருந்ததால் முடிச்சு வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தார்.

அதற்கு மேல் அங்கே என்னால் நிற்க முடியவில்லை. பையை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் பின்னால் போனேன். தைலம் எடுக்கத்தான் பைக்குள் கை விட்டேன் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். தைலம் பக்கவாட்டு அறையில் இருந்தது. நான் கை விட்டது நடு அறையில். ரப்பர் பேண்டைக் கழற்றி, ஒன்றை எடுத்து, பற்றவைத்தேன். எட்டு வருடம் ஏழு மாதம். முதல் இழுப்பில் தலை சுற்றியது. மூன்றாவதில் மனம் ஓர் இடத்தில் நின்றது. பதினோரு இழுப்பு. துண்டைச் சுவரில் நசுக்கித் தொட்டியின் அடியில் தள்ளினேன். குழாயில் கையையும் வாயையும் கழுவி, விரல்களில் தைலம் தடவிக்கொண்டு திரும்பி வந்தேன். ஆறு நிமிடம் ஆகியிருக்கும்.

புகை மூடுபனியில் கலையாமல் தொட்டிக்கு மேலேயே நின்றிருக்க வேண்டும். கால் மணி நேரத்தில் வாட்ச்மேன் அந்தத் துண்டோடு வந்தார், கிரவுண்ட் பொறுப்பாளரும் கூட. பொறுப்பாளர் பெஷாவர்காரர், உயரமான ஆள். துண்டைத் தன் உள்ளங்கையில் வைத்து எங்களிடம் நீட்டினார். வடிகட்டியில் மெல்லிய தங்க நிற வளையம்.

"யே கிஸ்கா ஹை?" இது யாருடையது என்று ஒரே கேள்வி. எதிர் டீம் வரவில்லை, இந்தப் பக்கம் நீங்கள் மட்டும்தான் இருக்கிறீர்கள், ஆளைக் காட்டாவிட்டால் ஆட்டம் கிடையாது என்று இந்தியில் சொன்னார்.

ஒவ்வொரு முகமாக ஷட்டரிங்காரர் பக்கம் திரும்பியது. தங்க வளையம் போட்ட அவர் பிராண்டு கேம்பில் எல்லோருக்கும் தெரியும். எச்சரிக்கை வாங்கியவரும் அவர்தான்.

"ஏப்பா, இன்னிக்குமா?" என்றார் கேப்டன். அவர் எலக்ட்ரீஷியன், நிதானமான மனிதர்.

"அண்ணே, சத்தியமா இல்லண்ணே. பத்து நாளாச்சு நான் தொட்டு. சாரக் கேளுங்க." அவர் என்னிடம் திரும்பினார். முகத்தில் பயமே இல்லை. "சார், பாக்கெட் உங்ககிட்டதான இருக்கு. எண்ணிப் பாருங்க. ஏழு இருக்கணும்."

இதை இந்தியிலும் பொறுப்பாளரிடம் சொன்னார். சாரிடம் நோட்டு இருக்கிறது, எல்லாம் எழுதியிருக்கிறது, எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார்.

பொறுப்பாளர் என்னைப் பார்த்தார். பாக்கெட் என்னிடம் இருப்பது அவருக்கு விசித்திரமாகப் பட்டிருக்க வேண்டும். "ஆப் பீதே ஹை?" என்றார். நீங்கள் புகைப்பீர்களா என்று.

நான் வாயைத் திறப்பதற்குள் எங்கள் ஆட்கள் சிரித்துவிட்டார்கள். அந்த நிலைமையிலும் சிரிப்பு. "சாரா? பக்கத்து சைட்ல பீடி பத்த வச்சாக்கூட இங்கேர்ந்து அரை மணி நேரம் கிளாஸ் எடுப்பாரு" என்றார் ஒருவர். கேப்டன் அதைக் கொஞ்சம் மரியாதையாக இந்தியில் சொன்னார்.

"விட்டு எட்டு வருஷம் ஆச்சு" என்றேன் நான். அரை மணி நேரத்துக்கு முன்பு வரை அது உண்மை.

அந்தத் தாளில் இருந்தது எனக்கு மனப்பாடம். மேனேஜர் என்றால் ஆட்டமே போய்விடும். ஆட்டம் போனால் பட்டியல் போய்விடும். அக்கவுன்டன்ட் போக ஒன்பது பேர், ஷட்டரிங்காரரையும் சேர்த்துப் பத்து. பத்துப் பேர் விசாவுக்கு எதிரே ஒருவர் விசா. இப்படி ஒரு கணக்கு என் மண்டையில் ஓடியது நிஜம். அதற்கு முன்னாலேயே ஓடியது இன்னொன்று: இந்தப் பதினைந்து பேர் முன்னால் என் வாயால் நான் எப்படிச் சொல்வேன். எது முதலில் வந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பையிலிருந்து பாக்கெட்டை எடுத்தேன். அவர் பார்க்க வேண்டும் என்று பக்கத்தில் வந்து நின்றார், தோளோடு தோளாக. ஸ்கோர் மேஜையின் மேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. என் குரல் சாதாரணமாக இருந்தது. சைட்டில் வந்திறங்கும் கதவுகளை எண்ணுகிற குரல். நாலு, ஐந்து.

"ஆறு" என்றேன்.

நோட்டு திறந்திருந்தது. என் கையெழுத்தில் ஏழு என்று இருந்தது.

"இன்னொண்ணு உள்ள இருக்கும் சார், பாருங்க" என்றார். பாக்கெட்டைத் தலைகீழாகத் தட்டினேன். புகையிலைத் தூள் கொஞ்சம் விழுந்தது.

"பை கூடாரத்துலதான கிடந்துச்சு" என்று பின்னாலிருந்து யாரோ மெதுவாகச் சொன்னார்கள். அது நியாயமான ஊகம். யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். யாருக்கு வேண்டியிருந்தது என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

அவர் ஏதோ சொல்ல என் பக்கம் திரும்பினார். முகம் என் சட்டைக் காலருக்கு ஒரு சாண் தூரத்தில். மூக்கு ஒரு தடவை விரிந்து அடங்கியதைப் பார்த்தேன். தைலம் விரலில் இருந்தது. சட்டையில் இல்லை.

அவர் என்னைப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று எண்ணவில்லை. என் வாழ்க்கையில் நான் எண்ணாமல் விட்ட நேரம் அது ஒன்றுதான். நான் மேஜை மேல் கிடந்த ஆறையும் எடுத்துத் திரும்ப அடுக்கினேன்.

"சரி. நான்தான்னு எழுதிக்குங்க" என்றார். இந்தியில் பொறுப்பாளரிடமும், "மேரா ஹை" என்றார். என்னுடையதுதான் என்று.

அவரை வேலிக்கு வெளியே அனுப்பினார்கள். டாஸ் போடவில்லை என்பதால் மாற்று ஆளைச் சேர்க்க அனுமதி கிடைத்தது. "ஏ கம்பி, வாய்யா, சீக்கிரம் மாட்டு" என்று கேப்டன் கூப்பிட்டார். கம்பிக்காரர் ஷூவை மறுபடி மாட்டினார். அவசரத்தில் கயிறு துளைக்குள் போகவில்லை, பக்கத்தில் இருந்தவர் குனிந்து கட்டிவிட்டார். நான் பட்டியலில் ஒரு பெயரை அடித்து இன்னொரு பெயரை எழுதினேன். எண்ணிக்கை பதினொன்றாகவே இருந்தது.

ஜெயித்தோம். நாலு ரன்னில். கம்பிக்காரர் ஏழாவதாக இறங்கிப் பத்தொன்பது அடித்தார். அக்கவுன்டன்ட் முதல் பந்திலேயே போனார். வேலிக்கு வெளியே வேன் நின்ற இடத்தில் ஷட்டரிங்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆட்டம் முழுக்கத் திரும்பவில்லை.

வீட்டுக்குப் போனதும் என் மனைவி சட்டையை வாங்கி மோந்து பார்த்தாள். "டாக்ஸிக்காரன் குடிச்சானா?" என்றாள்.

"ஆமா" என்றேன்.

திங்கட்கிழமை பட்டியலை ஆபீஸுக்கு அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை ஜி.எம். அறைக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்று மாடிப்படி முப்பத்திரண்டிலும் முடிவு செய்திருந்தேன்.

"சார், அந்த ஷட்டரிங் ஆளைப் பத்தி…"

"அந்த சிகரெட் பார்ட்டியா? கிரவுண்ட்காரன் மெயில் போட்டிருக்கான். கம்பெனி மானம் போச்சு."

"நல்ல வேலைக்காரன் சார். பௌலரும் நல்ல…"

"ஷட்டரிங் வேலையே முடிஞ்சிடுச்சே. கலாஸ். வேற ஏதாவது உண்டா?"

வேறு ஒன்றும் இல்லை என்று சொன்னேன். ஃபைனல் முடிந்ததும் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டேன். இப்போது சொன்னால் செமிஃபைனலையே திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்று எனக்கு நானே விளக்கினேன். ஃபைனலில் தோற்றோம். கம்பிக்காரருக்கும் மற்றவர்களுக்கும் விசா பேப்பர் கையெழுத்தாகட்டும், அதற்கப்புறம் சொல்லலாம் என்று இருந்தேன். கையெழுத்தாயிற்று. அதற்குள் ஷட்டரிங்காரருக்கு விசா கேன்ஸல் போட்டு டிக்கெட்டும் வந்துவிட்டது. சொல்லியிருக்கக்கூடிய தருணங்கள் நாலு. எண்ணி வைத்திருக்கிறேன்.

இடைப்பட்ட நாட்களில் அவர் என் ஆபீஸுக்கு வரவே இல்லை. சைட்டில் பார்த்தால் தலையசைப்பார். நான் பலகை எண்ணப் போனால் வேறு தளத்துக்குப் போய்விடுவார். மற்றவர்கள் அவரோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. "டீம் பொழப்பையே பத்த வைக்கப் பாத்தான்" என்று மெஸ்ஸில் ஒருவர் சொன்னாராம். அவர் தட்டை எடுத்துக்கொண்டு ரூமுக்குப் போய்ச் சாப்பிட்டிருக்கிறார்.

அவர் கிளம்பிய நாள் ஒரு திங்கள், பகல் பதினொரு மணி. நான் லீவ் சொல்லிவிட்டுக் கேம்புக்குப் போனேன். எல்லோரும் டியூட்டிக்குப் போயிருந்தார்கள். முற்றத்தில் கொடிகளில் நீலச் சீருடைகள் காய்ந்துகொண்டிருந்தன. ஏர்போர்ட் வேனுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி, கயிறு கட்டிய ஓர் அட்டைப் பெட்டி, அவர். சலவைச் சட்டை, தலை படிய வாரியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

நான் பையிலிருந்து பாக்கெட்டை எடுத்து நீட்டினேன். ரப்பர் பேண்ட், லைட்டர், எல்லாம் அப்படியே. என்ன சொல்லிக் கொடுப்பது என்று வழி முழுக்க ஒத்திகை பார்த்திருந்தேன். "உன்னோடது. ஆறு இருக்கு" என்று மட்டும்தான் வந்தது.

அவர் வாங்கவில்லை.

"சார், அன்னிக்கு நீங்க சொல்லிருவீங்கன்னு பாத்தேன். மேனேஜர்னா மேட்சு போயிரும், எனக்கும் தெரியும். சொல்லலன்னாலும் சரி, ஒரு மாதிரியாப் பாத்தீங்கன்னாக்கூடப் போதும்னு நின்னேன். நீங்க பாட்டுக்கு எண்ணிக்கிட்டே இருந்தீங்க."

"ஜி.எம். கிட்ட இப்பப் போய்ச் சொல்லிடறேன்ப்பா. டிக்கெட்டை நிறுத்திடலாம்."

"கேன்ஸல் அடிச்சாச்சு சார். இனிமே சொல்லி என்ன, உங்களையும் அனுப்புவானுங்க. அம்மா ஒடம்புக்கு முடியாம இருக்காங்கன்னீங்க." என் மனைவியைத்தான் அம்மா என்றார். அன்போடு சொன்னதுபோல் இல்லை. ஒரு தகவலைச் சொல்வதுபோல் இருந்தது.

டிரைவர், பெங்காலி, ஸ்டீயரிங்கில் தட்டி, கிளம்பலாம் என்று "யல்லா, பாய்" என்றார். நான் அட்டைப் பெட்டியைத் தூக்கப் போனேன். விடவில்லை. தானே இரண்டையும் ஏற்றினார்.

"பாக்கெட்டை வாங்கிக்கோப்பா. உன் பொருள் எங்கிட்ட இருக்க வேண்டாம்."

"எதுக்கு சார்? நான்தான் விட்டுட்டேனே." வேனில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினார். "அன்னிக்கும் தொடல. அப்புறமும் தொடல. நோட்டு கொண்டாந்திருக்கீங்களா?"

நோட்டு எப்போதும் பையில் இருக்கும். எடுத்தேன்.

"ஒம்போது நாள் வரைக்கும் நீங்க எழுதினீங்க. அப்புறம் இருபத்திரண்டு நாள் நானே எண்ணிக்கிட்டேன். மொத்தம் முப்பத்தொண்ணு. போட்டுக்குங்க."

வேனின் மேல் நோட்டை வைத்து எழுதப் போனேன். தகரம் வெயிலில் கொதித்தது, கையை ஊன்ற முடியவில்லை. முழங்காலில் வைத்து எழுதினேன். ஒன்பதாவது பூஜ்யத்துக்குக் கீழே, செமிஃபைனல் நடந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு நாளாக இருபத்திரண்டு பூஜ்யம் போட வேண்டும் என்று தோன்றியது. அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். பதினான்காவது போடும்போது வேன் நகர்ந்தது. அவர் கையாட்டினாரா என்று தெரியாது. இருபத்திரண்டையும் போட்டு, கீழே கோடு இழுத்து, முப்பத்தொன்று என்று எழுதி நிமிர்ந்தபோது கேம்ப் வாசலில் புழுதி அடங்கியிருந்தது.

வாசலுக்கு வெளியே பஸ் வர நாற்பது நிமிடம் இருந்தது. அதற்குள் பாக்கெட்டில் நாலு ஆனது.